வின்னியின் பங்கு

டெலியா: ...நாப்பி பாரெட் வேலைதான் ஐயா இது. சந்தேகமே வேணாம். போன மாசம் அவளுக்குப் பென்ஷன் கிடையாதுன்னு நீங்க கையை விரிச்சுட்டீங்கல்ல? அந்த வயித்தெரிச்சல். என் மாமியாருக்கும் கிடைக்கக் கூடாதுன்னு மொட்டைக் கடுதாசி போட்டுட்டா.

லாலர்: யார் போட்டதுன்னு நான் கேக்கவே இல்லையேம்மா. பென்ஷன் ஆபீசுக்கு ஒரு கடுதாசி வந்திருக்கு, அதனால இன்னொரு தடவை விசாரிக்க வந்தேன்னுதான் சொன்னேன்.

டெலியா: நீங்க கேக்காட்டியும் ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டே இப்படிப் பண்றா...

வின்னி: அவருக்கு மொதல்ல உக்கார ஒரு ஸ்டூலைப் போடு டெலியா. சர்க்கார் ஆளு, மழையில நனைஞ்சு வந்து நிக்கிறாரு.

டெலியா: அடடா... உக்காருங்க ஐயா. டீ கொதிக்குது. அத்தை, நீங்க இன்னும் கொஞ்சம் நெருப்புக்கிட்ட நகந்து உக்காருங்க. உங்களுக்குக் குளிருமில்ல.

வின்னி: கேட்டீங்களா. எனக்குக் குளிருமாம்.

லாலர்: என்னம்மா?

வின்னி: ஒண்ணுமில்ல ஐயா. என் வீட்டுக்காரர் செத்ததிலேருந்து கதவோரம்தான் என் இடம். பதினஞ்சு வருஷம். இந்த ஜனவரியிலதான் எனக்குக் குளிரும்னு கண்டுபிடிச்சாங்க.

டெலியா: அத்தைக்கு எப்பவும் விளையாட்டு.

வின்னி: ஞாயித்துக்கிழமை முட்டை வேற. அதுவரைக்கும் இந்த வீட்டுக் கோழி எனக்குன்னு ஒரு முட்டை கூட போட்டதில்ல.

லாலர்: எழுபது ஆனவங்களுக்கு வாரம் அஞ்சு ஷில்லிங்னு சட்டம் வந்ததிலேருந்து, மேயோ ஜில்லா பூரா கோழிங்க திருந்திடுச்சு. நானும் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன்.

வின்னி: போன வருஷம் மைக்கேல் திருநாளுக்கு வண்டியே கட்டிட்டாங்க ஐயா. என்னை ஏழை விடுதியில கொண்டு விட. என் மூட்டை கூட வண்டியில ஏறிடுச்சு. அன்னைக்குப் பூசையில பாதிரியார் வாசிக்கிறாரு... ஏழை விடுதியில சோறு தின்னவங்களுக்குப் பென்ஷன் கிடையாதுன்னு. வீட்டுக்கு வந்து குதிரையை அவுத்துட்டாங்க.

டெலியா: அத்தை, இதெல்லாம் இப்ப எதுக்கு? ஐயா என்ன நினைப்பாரு?

லாலர்: நான் நினைக்கிறதுக்கு சர்க்கார் சம்பளம் தர்றதில்லம்மா. எழுதுறதுக்குத்தான். சரி... பேரு வினிஃப்ரெட் கெராட்டி. கல்யாணத்துக்கு முந்தி?

வின்னி: லாவெல்.

லாலர்: வயசு?

டெலியா: எழுபத்தொண்ணு.

லாலர்: அவங்க சொல்லட்டும்.

வின்னி: அவ சொல்றதுதான்.

லாலர்: உங்க வாயால...

வின்னி: என் வாயாலயா? வின்னி லாவெலுக்கு எழுபத்தொண்ணு ஆகுது. ஆயிரத்து எண்ணூத்து முப்பத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில பொறந்தா.

லாலர்: ஞானஸ்நானப் புத்தகம்?

டெலியா: பாதிரியார்கிட்டயே கேட்டாச்சே ஐயா. அம்பத்திமூணுலேருந்துதான் கோயில்ல இருக்கு. அதுக்கு முந்தினதை எழுதவே இல்லையா, எலி தின்னுடுச்சான்னு அவருக்கே தெரியல.

லாலர்: எல்லாக் கோயில்லயும் இதே கதைதான். சரி, அப்ப பெரிய காத்துக்கு வருவோம். அதைப் பாத்தவங்கன்னா எழுபது ஆச்சுன்னு கணக்கு.

டெலியா: பெரிய காத்தா? அது அத்தைக்கு நேத்து நடந்த மாதிரி இருக்கு. சொல்லுங்க அத்தை. கூரை பறந்துச்சு... பசுமாடு வேலிக்கு அந்தப்பக்கம் போய் விழுந்துச்சு... உங்க அப்பா உங்களைப் போர்வையில...

லாலர்: நீங்க அங்க இருந்தீங்களாம்மா?

டெலியா: நானா? எங்கம்மாவே அப்பப் பொறக்கல.

லாலர்: அப்ப டீயைப் பாருங்க, பொங்குது. ...அம்மா, முப்பத்தொம்பதாம் வருஷம், மூணு ராஜா திருநாள், ஜனவரி ஆறு அன்னைக்கு அடிச்ச காத்து. இதை நான் இருநூறு வீட்டுல கேட்டாச்சு. இருநூறு பேரும் அந்த நேரத்துல உள்ளங்கையில உருளைக்கிழங்கை வச்சுத் தின்னுக்கிட்டிருந்தாங்களாம். ஒரு ஆள் கூட கஞ்சி குடிக்கல, தூங்கல. எல்லாரும் கிழங்குதான். நீங்க?

வின்னி: எனக்கு ஞாபகம் இல்ல.

டெலியா: அத்தை...

வின்னி: இல்லடி. நீயும் ஒரு வாரமா பாடம் சொல்லிக் குடுத்த. எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. ஐயா, அதை எழுதிக்குங்க.

டெலியா: வயசாச்சுல்ல ஐயா, மறதி. நேத்து வரைக்கும் நல்லா சொன்னாங்க. அந்த மாடு...

லாலர்: பயப்படாதீங்கம்மா. முப்பத்தெட்டு பிப்ரவரியில பொறந்த பிள்ளைக்கு அன்னைக்கு வயசு ஒண்ணு கூட முடியல. ஞாபகம் இருந்தாத்தான் நான் சந்தேகப்படணும். இந்த ஜில்லாவுல நான் கேட்ட மொத உண்மை இதுதான்.

டெலியா: அதானே. உண்மையைத் தவிர அத்தை வேற ஒண்ணும் பேச மாட்டாங்க.

வின்னி: ம்.

லாலர்: மேல இருக்கிறவங்க என்னைப் போட்டு வறுக்குறாங்கம்மா. உங்க பக்கம் எழுபது வருஷத்துக்கு முந்தி பொறந்தவங்களை விட இப்ப எழுபது வயசானவங்க ஜாஸ்தியா இருக்காங்களே, அது எப்படின்னு கேக்குறாங்க. அதனால டப்ளினுக்கு எழுதிப் போடுறோம். நாப்பத்தொண்ணுலயும் அம்பத்தொண்ணுலயும் வீடு வீடா ஆள் எண்ணி எழுதின ஜனக்கணக்கு அங்க இருக்கு. ஊர் பேரும் அப்பா அம்மா பேரும் குடுத்தா, தேடி எடுத்து அனுப்புவாங்க.

டெலியா: எங்களுக்கும் பதில் வந்துச்சா?

லாலர்: ...வரணும். அதுக்குள்ள இவங்க வாயாலயே வீட்டு ஆட்களை எழுதிக்கிறேன். அப்புறம் ஒத்துப் பாத்துக்கலாம். சொல்லுங்கம்மா. அப்பா?

வின்னி: ஆன்டனி லாவெல். அம்மா பார்பரா. கிளூன்மோர்ல, ஓடைக்கு மேல, மூணாவது வீடு.

லாலர்: பிள்ளைங்க?

வின்னி: மூத்தவன் மைல்ஸ். அப்புறம்... வின்னி. அப்புறம் ஓவன் அண்ணன்.

லாலர்: அண்ணனா?

வின்னி: என்னது?

லாலர்: வின்னிக்கு அப்புறம் பொறந்தவர்னு சொன்னீங்க. அண்ணன்னும் சொல்றீங்க.

டெலியா: வாய் தவறிடுச்சு ஐயா. மைல்ஸ் அண்ணன், ஓவன் தம்பி. ஓவன் மாமா அமெரிக்காவுலேருந்து போட்டோ அனுப்பினாரே, ஆள் மலை மாதிரி இருப்பாரு. பாத்தா யாருமே அண்ணன்னுதான் சொல்வாங்க.

வின்னி: ஆமா. மலை மாதிரி. சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவான்.

லாலர்: தம்பி, அக்காவைத் தூக்கிட்டுப் போவான்.

வின்னி: டெலியா, அவருக்கு டீயை ஊத்து.

லாலர்: சரி, இருக்கட்டும். வேற பிள்ளைங்க?

டெலியா: அவ்வளவுதான். மூணு பேர்தான். மைல்ஸ் மாமாவும் ஓவன் மாமாவும் அமெரிக்காவுலயே செத்துட்டாங்க.

லாலர்: அம்மா... வேற யாரும் இல்லையா?

வின்னி: அந்தக் கடுதாசியில என்ன எழுதியிருக்கு?

லாலர்: வாசிக்கவா? "கனம் ஐயா அவர்களுக்கு. கெராட்டி வீட்டுக் கிழவிக்கு எழுபது வயது ஆகவில்லை. நாற்பத்தேழாம் வருடம் அந்த வீட்டில் செத்தது யார் என்று அவளையே கேளுங்கள்." அவ்வளவுதான். பேர் இல்ல.

டெலியா: பாத்தீங்களா? செத்தவங்களைக் கூட விடமாட்டா அந்த நாப்பி. அத்தை வீட்ல அப்ப யாரும் சாகல. அவங்க அப்பா செத்தது அம்பத்தஞ்சுல...

வின்னி: செத்தாங்க.

டெலியா: யாரு?

வின்னி: ஸிபி. சபீனான்னு ஞானஸ்நானப் பேரு. கடைக்குட்டி.

டெலியா: உங்களுக்கு ஒரு தங்கச்சியா? இருபது வருஷமா இந்த வீட்ல உங்ககூட இருக்கேன். ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

வின்னி: நீ கேட்டதில்லையே.

லாலர்: எப்படிச் செத்தா?

வின்னி: கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த ரெண்டாவது வருஷம். வேனல்ல. காய்ச்சல் வந்துச்சு. அஞ்சு வயசு. அதுக்கு மேல என்ன சொல்ல? அந்த வருஷம் ஓடையிலேருந்து கோயில் வரைக்கும் எல்லா வீட்லயும் ஒருத்தர் செத்தாங்க. சில வீட்ல ஒருத்தர்தான் மிஞ்சினாங்க.

லாலர்: ...சரி. போதும்மா. டெலியாம்மா, டீயை இங்க குடுங்க. டப்ளின் பதில் வந்துடுச்சு.

டெலியா: என்னது? இப்பத்தான் வரணும்னீங்க.

லாலர்: போன வாரமே வந்துடுச்சு. காகிதத்தை மொதல்ல நீட்டினா எல்லாரும் அதைப் பாத்தே ஒப்பிச்சுடறாங்க. அதனால பாக்கெட்லயே வச்சுக்குவேன். கேளுங்க. நாப்பத்தொண்ணாம் வருஷக் கணக்கு: ஆன்டனி லாவெல், பார்பரா, மைல்ஸ் அஞ்சு, வினிஃப்ரெட் மூணு, ஓவன் ஒண்ணு. அம்பத்தொண்ணு: ஆன்டனி, பார்பரா, மைல்ஸ் பதினஞ்சு, வினிஃப்ரெட் பதிமூணு, ஓவன் பதினொண்ணு. கீழே, பத்து வருஷத்துல செத்தவங்கன்னு ஒரு பகுதி. அதுல ஒரே ஒரு பேரு. சபீனா.

டெலியா: மாதாவே... அப்ப எழுபத்தொண்ணுதான். அத்தை, கேட்டீங்களா? சர்க்காரே சொல்லுது. அந்த நாப்பி முகத்துல கரியைப் பூசியாச்சு. ஐயா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவட்டுமா?

லாலர்: தடவுங்க. அம்மா, நீங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஒத்துப்போகுது. கையெழுத்துக்குப் பதிலா இங்க ஒரு சிலுவைக் குறி போட்டா என் வேலை முடிஞ்சுது. அடுத்த வெள்ளிக்கிழமை தபால் ஆபீஸ்ல வாங்கிக்கலாம்.

வின்னி: அந்தக் கடைசி வரியை முழுசா வாசிங்க ஐயா. செத்தவங்க வரியை.

லாலர்: "சபீனா, மகள், வயது ஐந்து, 1847 கோடை, காய்ச்சல்."

வின்னி: ம். இன்னொரு தடவை.

டெலியா: எதுக்கு அத்தை? பேனாவை வாங்குங்க.

லாலர்: இருங்கம்மா. எனக்கும் ஒரு கணக்கு இடிக்குது. நாப்பி பாரெட் எந்த ஊர்க்காரி?

டெலியா: அவளா? கால்வே பக்கம். கல்யாணமாகி இங்க வந்தா. எழுபத்திரெண்டுலயோ மூணுலயோ.

லாலர்: அப்ப நாப்பத்தேழுல இந்த ஓடைக்கு மேல யார் செத்தான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? கூடவே இருக்கிற உங்களுக்கே தெரியல.

டெலியா: யாராவது சொல்லியிருப்பாங்க.

லாலர்: யாரு? அந்த வீட்ல இருந்தவங்க ஒவ்வொருத்தரா பாத்தேன். அப்பா அம்பத்தஞ்சுல போயிட்டாரு. அம்மாவும் இல்ல. மைல்ஸ், ஓவன் ரெண்டு பேரும் கடலுக்கு அந்தப்பக்கம் செத்துட்டாங்க. பக்கத்து வீடுங்க எல்லாம் அந்தப் பஞ்சத்துலயே காலி. சபீனா சாவைத் தெரிஞ்சவங்க இந்த உலகத்துலயே ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அவங்க நெருப்புக்கிட்ட உக்காந்திருக்காங்க.

டெலியா: புரியல எனக்கு.

லாலர்: கடுதாசியை எழுதச் சொன்னது உங்க மாமியார்தான்.

டெலியா: ...அத்தை?

வின்னி: சந்தையில மனு எழுதித் தர்ற ஆள் ஒருத்தன் இருப்பான். அவன்கிட்டதான். நாலு வரிக்கு ஒரு கோழி முட்டை வாங்கினான். ஞாயித்துக்கிழமை முட்டை.

டெலியா: உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? சொந்தப் பென்ஷனுக்கு எதிரா, சொந்த வாயால... ஊர் முழுக்க நான் நாப்பியைத் திட்டிட்டு வந்திருக்கேன். கோயில் வாசல்ல வச்சு அவ மேல துப்பியிருக்கேன்.

வின்னி: அதுக்கு நான்தான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.

லாலர்: ஏம்மா? எழுபது ஆகலைன்னு எழுதியிருக்கீங்க. காகிதம் எழுபத்தொண்ணுங்குது.

வின்னி: காகிதம் எங்கம்மா சொன்னதைத்தான் சொல்லுது. அப்ப கஞ்சித்தொட்டி திறந்தாங்க ஐயா. கேள்விப்பட்டிருப்பீங்க. கோயில் பின்னால பெரிய அண்டா. லிஸ்ட்ல பேரைக் கூப்பிடுவாங்க, குவளையை நீட்டணும். ஒம்பது வயசு ஆனவங்களுக்கு முழுக் குவளை. ஒம்பதுக்குக் கீழே பாதி.

லாலர்: ஆமா. அப்படித்தான் சட்டம் இருந்துச்சு.

வின்னி: வின்னிக்கு அப்ப ஒம்பது முடிஞ்சிருந்துச்சு. முழுக் குவளை. ஸிபிக்கு அஞ்சு. பாதி. வீட்ல ஒரு பொண்ணு செத்துப்போச்சு. யார் செத்தாங்கன்னு அம்மா போய்ச் சொல்லணும், அந்தப் பேரை அடிச்சுடுவாங்க. நீங்களா இருந்தா எந்தப் பேரை அடிக்கச் சொல்வீங்க?

டெலியா: ஐயோ.

வின்னி: வின்னியைத்தான் புதைச்சோம். அடிச்சது ஸிபி பேரை. நான் ஸிபி.

லாலர்: ஒம்பது வயசுன்னு நம்பினாங்களா?

வின்னி: அந்த வருஷம் எந்தப் பிள்ளை ஐயா அதோட வயசுக்குத் தக்கபடி இருந்துச்சு? மைல்ஸுக்குப் பதினொண்ணு. பாத்தா ஏழு. எல்லாருக்கும் ஒரே மூஞ்சி, கண்ணு மட்டும்தான். அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா: ஸிபின்னு யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காதே.

லாலர்: கஞ்சித்தொட்டியை அந்த வருஷமே மூடிட்டாங்களே. அதுக்கு அப்புறமாவது...

வின்னி: அதுக்கு அப்புறம் யார் கூப்பிடுறது? மைல்ஸும் ஓவனும் வின்னின்னு கூப்பிட்டுப் பழகிட்டாங்க. அம்மா என் முகத்தைப் பாத்துக் கூப்பிடவே மாட்டா. அம்பத்தொண்ணுல ஆள் எண்ண வந்தவன்கிட்ட அப்பா அதையே சொன்னாரு. பாதிரியார் கையால வின்னின்னு நன்மை அப்பம் வாங்கினேன், வின்னின்னு கல்யாண மோதிரம் போட்டேன். என் புருஷனுக்குக் கூட தெரியாது.

டெலியா: சரி, நடந்தது நடந்துபோச்சு. அறுபத்தேழா இருந்தா என்ன, எழுபத்தொண்ணா இருந்தா என்ன? காகிதம் இருக்கு. ஐயா, நீங்க ஒண்ணும் கேக்கலைன்னு வச்சுக்குங்க. நான் உங்க கால்ல விழுறேன். நாலு பிள்ளைங்க. இவங்க மகன் மத்தவங்க நிலத்துல அடுப்பெரிக்கிற கரிமண் வெட்டப் போயிருக்காரு, இந்த மழையில. அறுவடை வரைக்கும் மாவு இல்ல. என்னைக் கெட்ட மருமகள்னே எழுதிக்குங்க, பரவாயில்ல.

லாலர்: எனக்கு ஒரு காது மந்தம்மா. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். டப்ளின் எழுதினதுதான் சர்க்காருக்கு உண்மை. வினிஃப்ரெட் லாவெல் உயிரோட இருக்காங்க, எழுபத்தொண்ணு. குறியைப் போடுங்கம்மா. நான் கிளம்புறேன்.

வின்னி: போட மாட்டேன்.

டெலியா: அத்தை, வேணாம். அப்புறம் நான் வண்டியைத்தான் கட்டச் சொல்வேன். சத்தியமா சொல்வேன். ஏழை விடுதி எப்படி இருக்கும்னு தெரியுமில்ல?

வின்னி: கட்டச் சொல்லு. உன் மேல எனக்குக் கோபம் இல்ல டெலியா. உன் பிள்ளைங்களுக்காக நீ என்ன செய்வியோ அதைத்தான் எங்கம்மாவும் செஞ்சா. அங்கேயும் குவளையில கஞ்சிதான் ஊத்துவாங்க. வாசல்ல பேர் கேப்பாங்க. ஸிபின்னு சொல்லிட்டு உள்ள போவேன். அறுபத்திரெண்டு வருஷத்துல மொத தடவையா என் பங்கை நான் தின்னுக்கிறேன்.

லாலர்: அம்மா, கேளுங்க. பேரை மாத்தினது உங்க அம்மா. உங்களுக்கு வயசு அஞ்சு. செத்தவளோட பங்கு சும்மா போகாம உங்க வயித்துக்குள்ள போச்சு, நீங்க பொழைச்சீங்க. அதுல யாருக்கு என்ன நஷ்டம்? உங்க அக்கா மேலேருந்து பாத்தா கூட சந்தோஷம்தான் படுவா. ஒரு பிள்ளை மேல இதுல என்ன பாவம் இருக்கு?

ஸிபி: அம்மா மாத்தினது அவ செத்த பிறகு ஐயா. அதுக்கு முந்தி ஒம்பது நாள் அவ காய்ச்சல்ல கிடந்தா. அம்மாவும் படுத்துட்டா. அண்ணனுங்க ஆளுக்கொரு குவளை தூக்கினாங்க, வின்னியோட குவளை என் கையில. நான் சின்னக் கால், பின்னாலதான் வருவேன். ஓடைக்கிட்ட வந்ததும் அவங்க திரும்பிப் பாக்குறாங்களான்னு பாப்பேன். பாதியைக் குடிச்சுட்டு, ஓடைத் தண்ணியை ஊத்தி நெரப்பிக் கொண்டு போய்க் குடுப்பேன். ஒம்பது நாளும். ஏண்டி இவ்வளவு தண்ணியா இருக்குன்னு அவ ஒரு நாள் கூட கேக்கல.